துலூஸிலிருந்து ஒரு காது மிஷின்

ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஊரில் இதைச் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள் என்று, 'புத்தகக் கம்பெனியில் வேலை' என்று சொல்லிவைத்திருந்தேன். பிரான்சின் தெற்கே துலூஸ் நகரத்தில், லத்தீனிலிருந்து பிறந்த மொழிகளுக்கெல்லாம் சேர்த்து ஓர் அகராதி தயாராகிக்கொண்டிருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் வினைச்சொற்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த வருடம் என் பங்குக்கு வந்தது 'தொனாரே'. இடி இடித்தல் என்று பொருள். பட்டாசுக்குப் பேர்போன வெம்பக்கோட்டைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமாக எவனும் ஒரு சொல்லைப் பொறுக்கிக் கொடுத்திருக்க முடியாது.

தாய்ச்சொல் செத்துப்போனது. பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்துக் கிடக்கின்றன. இத்தாலியில் 'துவோனாரே': வானமும் இடிக்கும், கோபம் வந்த மாமனாரும் இடிப்பார். ருமேனியாவில் 'தூனா'. ஸ்பெயினில் 'த்ரோனார்'. அதுவே கடல் தாண்டி மெக்சிகோவுக்குப் போய், பட்டாசு வெடிப்பதற்கும் பரீட்சையில் தோற்பதற்கும் ஆகிவிட்டது. ஸ்பானிய மொழியில் இன்னொரு பிள்ளையும் உண்டு, 'அத்ரோனார்'. பெருஞ்சத்தத்தால் ஒருவருடைய காதைச் செவிடாக்குவது. அதற்கென்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அகராதிக்காக அந்தச் சொல்லின் குறிப்பு அட்டையை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. என் அக்கா முத்துமாரிக்குக் காது போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

பிரெஞ்சுப் பிள்ளைதான் விசித்திரம். 'எதொன்னே' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் இடி தாக்கியதுபோல் அதிர்வது என்று பொருள். அதிர்ச்சியில் விரிசல் விட்ட கட்டட வளைவைக்கூட அந்தச் சொல்லால் குறித்திருக்கிறார்கள். இப்போது அதற்கு 'ஆச்சரியம்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கடையில் ரொட்டி தீர்ந்துபோனால்கூட அதைத்தான் சொல்கிறார்கள். எல்லார் வாயிலும் புரண்டு புரண்டு அதிலிருந்த இடி போய்விட்டது. பக்கத்து மேஜைக்காரி ஒருநாள், 'உங்கள் மொழியில் எப்படி?' என்று கேட்டாள். எங்கள் பக்கம் ஒருத்தர் இடிந்து போய் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவரிடம் காபி வேண்டுமா என்றுகூடக் கேட்க மாட்டோம், அந்தச் சொல் இன்னும் தேயவில்லை என்றேன்.

அக்காவுக்குக் காது போனது அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில்தான். பக்கத்து அறையில் வெடிமருந்து கலந்துகொண்டிருந்தபோது வெடித்தது. அந்த அறையில் இருந்தவர்கள் இல்லாமல் போனார்கள். அக்கா உடம்பில் ஒரு கீறல் இல்லை. 'மாரியாத்தா காப்பாத்திட்டா' என்றார்கள். அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்பது மற்றவர்களுக்கு உறைக்க மூன்று நாள் ஆனது.

அவளுடைய மகள் செல்விதான் போன் செய்தாள். செல்போன் ஊருக்குள் நுழைந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த காலம் அது.

"மாமா, அம்மா ஒன்னு கேக்கச் சொன்னாக. காது மிசினு ஒன்னு வாங்கியாரணுமாம். நல்லதா வேணுமாம். பெரிய டாக்டருக்குப் படிச்சு வச்ச மாதிரி சொல்றாக, தூரத்துல இருக்குற சத்தமும் கேக்கணுமாம்."

என்னைப் படிக்க வைத்தவள் அக்கா. வாழ்க்கையில் என்னிடம் அவள் எதையும் கேட்டதில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்த காது அளவையும் பரிசோதனைத் தாளையும் செல்வி தபாலில் அனுப்பினாள். அவற்றைத் தூக்கிக்கொண்டு துலூஸில் ஒரு கடைக்கு ஓடினேன். கடைக்காரம்மாள் வறுத்த முந்திரிப்பருப்பு மாதிரி ஒன்றை எடுத்து வைத்தாள். "திடீரென்று பெருஞ்சத்தம் வந்தால் இது தானாகவே அமுக்கிவிடும். கதவு அறைவது, பாத்திரம் விழுவது, இடி, எதுவும் இனி உங்கள் அக்காவைப் பயமுறுத்தாது" என்றாள். இதற்காகவே விலை கூடுதலாம். வெடியில் காது போனவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அப்படியே வாங்கிக்கொண்டேன்.

விருதுநகரில் இறங்கியதும் மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறி ஐந்து நிமிடம் தும்மினேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெளியூரா?" என்றார். ஒன்பது வருடத்தில் மூக்கு கட்சி மாறிவிட்டது. வயிறு மாறவில்லை. எண்ணெயில் முங்கி எழுந்த பரோட்டா நான்கும், அதன் மேல் ஊற்றிய சால்னாவும் இறங்கிய பிறகுதான் வந்து சேர்ந்ததை நம்பினேன். துலூஸில் வாத்துக் கொழுப்பில் வதக்கியதைச் சாப்பிட்டுவிட்டு ஊர்ப் பெருமை பேசுவார்கள். அவர்களை ஒருநாள் இந்தப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும்.

சிவகாசி பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் ஒருவர் பீடியை எடுத்து வாயில் வைத்தார். பற்றவைக்கவில்லை, வைத்தார் அவ்வளவுதான். பஸ்ஸே எழுந்து நின்றது. "யோவ், மேல பட்டாசுத் திரிக் கட்டு போட்டுருக்கு, கண்ணு தெரியலையா?" என்று கண்டக்டர் கத்தினார். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டார். திருத்தங்கல் தாண்டி டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இல்லை.

நிற்கும்போது பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"காலைல ஒரு சத்தம் கேட்டுச்சே, என்னதுப்பா?"

"குவாரி. ஒத்தச் சத்தம்தான? கம்பெனின்னா அடுத்தடுத்து வரும்ல."

"ஆமா, ரெண்டாவது வரல."

பேச்சு அதோடு தக்காளி விலைக்குப் போய்விட்டது. எனக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல் ஞாபகம் வந்தது. சொற்கள் மட்டும்தானா தேய்கின்றன?

வீட்டுக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. அக்கா பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். காது போன பிறகு கம்பெனிக்குப் போவதில்லை, இந்த வேலையை வீட்டில் வாங்கிச் செய்கிறாள். அவளுக்கு வலது பக்கம், நிலைக்கதவை ஒட்டித் தரையில், ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. எனக்குத் தாகம். எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

"ஏலே! அத ஏம்லே எடுத்த?" என்று அக்கா கத்தியதில் தெருநாய் எழுந்து ஓடியது. தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்கிறாள். டம்ளரைப் பிடுங்கித் திரும்ப நிரப்பி, அதே இடத்தில் வைத்து, அரை விரற்கடை நகர்த்தி, தண்ணீர் அசையாமல் நிற்கும் வரை பார்த்தாள். அதற்குப் பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏதோ நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கம்பெனி வேனில் செல்வி வந்து இறங்கினாள். வயது பத்தொன்பது. விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிற மருந்து. "வாங்க மாமா, எப்ப வந்தீக? சாப்பிட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டே கையைக் கழுவினாள். அம்மாவிடம் அவள் உதட்டை அகலமாக அசைத்துப் பேசினாள். புரியாததைப் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் காட்டினாள். அக்கா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள்.

மிஷினை அவள் காதில் மாட்டி, நான் தள்ளி நின்றேன். செல்வி எதிரே உட்கார்ந்து, "அம்மா" என்றாள்.

அக்கா கழுத்தைச் சாய்த்தாள். "என்னடி இம்புட்டுக் கீச்சுக்குரலா இருக்கு ஒனக்கு? முன்ன இப்படி இல்லையே."

"மிசினு அப்படித்தாம்மா கேக்குமாம்."

"இல்ல, ஒனக்குச் சளி பிடிச்சிருக்கு. தலைக்குக் குளிச்சியா?"

செல்வி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றரை வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அன்றைக்கே கொட்டினாள். வேனில் யார் யாருக்குச் சண்டை, யாருக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்று எல்லாம். பேச்சு தீர்ந்ததும் லேபிளில் இருந்த எச்சரிக்கையைச் செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்துக் காட்டினாள். அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நடுவில் என்னைப் பார்த்து, "தம்பி, பெரிய சத்தம் கேக்கும்ல இதுல?" என்றாள். "எல்லாம் கேக்கும்க்கா" என்றேன். அந்த வீட்டில் அப்படி ஒரு சாயங்காலத்தை நான் பார்த்ததே இல்லை. எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை செல்வியை வேன் ஏற்றிவிட்டு வந்த அக்கா, நிலைக்கதவோரம் இருந்த டம்ளரை எடுத்தாள். தண்ணீரை முருங்கைச் செடியில் ஊற்றிவிட்டு, அதிலேயே எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள்.

"இனிமே இது வேணாம்" என்றாள்.

"என்னக்கா அது? நேத்திக்கடனா?"

அவள் இரண்டு பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

"கம்பெனிக்குள்ள செருப்புப் போடக் கூடாதுல்ல. கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடில எல்லாரும் கழட்டிப் போட்டுட்டுத்தான் போவோம். சத்தம் கேட்டுச்சுன்னா வீட்டுல இருக்குறவுக ஓடுவாக. உள்ள விட மாட்டாக. அவுக அவுக வீட்டுச் செருப்பத் தேடி எடுத்துக் கையில வச்சுக்கிட்டு நிப்பாக. ஆளு நடந்து வந்துச்சுன்னா கால்ல போட்டுக் கூட்டிட்டு வரணும்."

"வரலைன்னா?"

"செருப்பு கையிலயே இருக்கும்."

அவள் வெளியே பார்த்தாள். "அன்னைக்கு எஞ்செருப்ப வச்சுக்கிட்டு செல்வி நின்னா. நா நடந்து வாரேன். அவ வாய் அசையிது, சத்தம் வரல. அழுதாளா, அம்மான்னு கூப்பிட்டாளான்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. பெறகு அவளும் அதே கம்பெனிக்குப் போக ஆரம்பிச்சா. செல்வி அப்பா திருப்பூர்ல கெடக்காரு. அவ செருப்ப எடுக்க என்னைய விட்டா யாரு இருக்கா? நா ஓடலைன்னா அது அங்கனயேதான் கெடக்கும். ஓடணும்னா கேக்கணும்ல?"

அதற்குத்தான் தண்ணீர். சத்தம் வந்தால் தரை அதிரும், தண்ணீரில் வட்டம் விழும். ஆனால் கல் குவாரியில் வெடி வைத்தாலும் வட்டம்தான், கம்பெனி வெடித்தாலும் வட்டம்தான். குவாரிக்கு நேரம் காலம் கிடையாது. வட்டம் விழுந்தபோதெல்லாம் அக்கா எழுந்து இரண்டு மைல் ஓடியிருக்கிறாள். மூன்று தடவை கேட்டில் வாட்ச்மேன் சிரித்து அனுப்பியிருக்கிறார். 'செல்வி அம்மாவுக்குப் பைத்தியம்' என்று வேனில் பேச்சானது. இனி ஓடவே மாட்டேன் என்று செல்வியிடம் சத்தியம் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் ஓடி, வாட்ச்மேன் கண்ணில் படாமல் வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

"மிசினு இருந்தா எது குவாரி, எது கம்பெனின்னு எனக்குத் தெரிஞ்சுரும். இருவது வருசம் அங்க கெடந்த காது. அதுக்குத்தாம்ப்பா கேட்டேன். மத்தபடி யாரு என்ன பேசுனா எனக்கென்ன? நீ இத செல்விகிட்ட சொல்லீராத. எம்மேல சத்தியம். அம்மா பயந்துக்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சா அவளுக்கும் பயம் வந்துரும். மருந்துல கை வைக்கிறவளுக்குக் கை நடுங்கக் கூடாது."

காபி என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. கடைக்காரம்மாள் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. திடீரென்று வரும் பெருஞ்சத்தம். தானாகவே அமுக்கிவிடும். உலகத்திலேயே என் அக்காவுக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு சத்தம். அதைத் தடுக்கிற கருவியாகப் பார்த்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சரிதான்.

சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை.

"செல்விய வேலைய விட்டு நிப்பாட்டு, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"எத்தன நாளைக்கு? தையல் படிச்சா. தைக்கக் குடுக்குறதுக்கு ஊருல ஆளு வேணும்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள்.

மூன்றாம் நாள், அவள் தூங்கி எழுவதற்குள் மிஷினைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு, பேட்டரி வாங்கப் போவதாக நோட்டில் எழுதி வைத்துவிட்டு விருதுநகருக்கு ஓடினேன். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போகும் கூட்டம் பஸ்ஸை அடைத்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வாட்ச் கடையில் காது மிஷினும் பழுது பார்ப்பார்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன். கடைக்காரர் வயதான பாய். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சாமான் தம்பி. ஆனா இத இங்கன யாரும் தொறக்க முடியாது. இதுக்குன்னு அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் வேணும். வாங்குன எடத்துலதான் மாத்தணும்."

"பெரிய சத்தத்தை அமுக்குது பாய். அது அப்படியே கேக்கணும்."

அவர் லென்ஸைக் கழற்றினார். "நாப்பது வருசமா கடை வச்சுருக்கேன். 'பாய், ஹாரன் சத்தம் காதக் கிழிக்குது, கொறச்சு விடுங்க'ன்னுதான் எல்லாரும் வருவாக. கூட்டி வைக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதான். யாருக்கு?"

சொன்னேன். அவர் மிஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "எங்க தெருவுலயும் கம்பெனிக்குப் போற புள்ளைக இருக்கு" என்றார். பிறகு, "அந்தத் தடுப்ப எடுத்துட்டா, இருக்குற கொஞ்சக் காதும் ஒருநா போயிரும். அதையும் அவுககிட்டச் சொல்லீருங்க தம்பி" என்று பேட்டரிகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

பேட்டரியும் அரைக்கிலோ சேவுமாக வீடு திரும்பினேன். "மிசினு சரியா இருக்காம்லே?" என்று அக்கா கேட்டாள். இருக்கிறது என்று தலையாட்டினேன். என்னைப்போல் ஒரு கோழையைப் பெற்றதற்கு எங்கள் அம்மா என்ன பாவம் செய்தாளோ.

நான்காம் நாள் மதியத்துக்கு மேல் எங்கள் ஊர் அணைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. காற்று நின்று புழுங்கியது. அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். காதில் மிஷின் இருந்தது. நிலைக்கதவோரம் டம்ளர் இல்லை.

அடுப்படிச் சுவரில் ஒரு வெளிச்சம் வந்து போனது. நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து எண்ணுவதற்குள் இடி விழுந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது, கதவு நாதாங்கி தானாக ஆடியது. நான் பாதி எழுந்துவிட்டேன்.

அக்கா பசையைத் தொட்டு அடுத்த லேபிளை ஒட்டினாள். "பக்கத்து வீட்டுல கோரப்பாய் ஒதர்றாக போல" என்றாள்.

 இன்னொரு இடி. அவள் ஒட்டிக்கொண்டே இருந்தாள். வருடம் முழுக்க இந்த ஒரு சொல்லைப் பற்றி எத்தனையோ அட்டைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட அந்த நிமிடத்துக்கு உதவவில்லை. இடிந்து போய் உட்கார்ந்திருந்தேன். இந்தச் சொல்லை நான் தேய்த்துச் சொல்லவில்லை.

மழைக்கு முன்னால் வேன் வந்துவிட்டது. செல்வி ஓடி வந்தாள். அக்கா திடுக்கிட்டு எழுந்தாள். "என்னடி இந்நேரத்துக்கு? என்ன ஆச்சு?"

"இடி இடிக்கிதுல்ல? இடி மின்னல்னா எல்லாரையும் வெளிய அனுப்பீருவாகள்ல, மறந்துட்டீகளா? கேக்கலையாம்மா? அம்புட்டுச் சத்தம்! பூமியே ஆடுச்சு." சொல்லிக்கொண்டே கொடியில் கிடந்த துணியை எடுக்கக் கொல்லைக்கு ஓடினாள்.

அக்கா வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். ஒரு மின்னல் வெட்டியது. அவள் காத்துக்கொண்டு நின்றாள். இடி வந்தபோது அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், அதைப் பார்த்ததும்தான் அவள் முகம் மாறியது.

"ஒனக்கு முன்னாலேயே தெரியுமாலே?"

"தெரியும்க்கா."

"எப்ப?"

"நீ அன்னைக்குச் சொன்னப்ப."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையில் இடி விழ என்று எங்கள் ஊரில் சாதாரணமாகத் திட்டுவார்கள், நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் திட்டவில்லை. மெதுவான குரலில், நான் ஊருக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக மெதுவான குரலில், "ரெண்டு நாளு தண்ணி வைக்காம இருந்துட்டேனேடா" என்றாள். அடுப்படிக்குப் போய் டம்ளரைக் கழுவி, நிரப்பி, இடத்தில் வைத்தாள். மழை விழுந்த அதிர்ச்சியில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்று அது எதற்கும் உதவாது என்று தெரிந்தும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கிளம்புகிற அன்று காலையில் மிஷினைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்து என்னிடம் நீட்டினாள். பாய் சொன்னதை நோட்டில் எழுதிக் காட்டினேன். தடுப்பை எடுத்தால் மிச்சக் காதும் போகலாம். வாசித்தாள்.

"போனாப் போகுது. ஒரு தடவ கேட்டாப் போதும்" என்றாள்.

"திரும்பி வர மாசக்கணக்கு ஆகும்" என்று எழுதினேன். "செல்வி பேசுறது அதுவரைக்கும் கேக்காது."

பென்சிலை என் கையிலிருந்து வாங்கி நோட்டுக்குள் வைத்து மூடினாள். "அவ பேச்ச நா மொகத்துல பாத்துக்கிருவேன். நீ கொண்டு போ."

துலூஸில் கடைக்காரம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். தடுப்பை எடுத்துவிட வேண்டும், பெருஞ்சத்தம் முழுதாகக் கேட்க வேண்டும் என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "வூ மெதொன்னே, மொஸ்யூ" என்றாள். ஆச்சரியமாக இருக்கிறது என்று அர்த்தம். அதே சொல். ரொட்டி தீர்ந்துபோனால் சொல்கிற அதே குரல். நானும் பதிலுக்குச் சிரித்துவைத்தேன். கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், செவித்திறன் போனால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று உபயோகிக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தாள்.

தாள் தபாலில் வரும், அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு என்று சொல்லச் செல்விக்குப் போன் செய்தேன். அவளுக்கு வேன் வரும் நேரம், எனக்கு இன்னும் விடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மாமா, ஒன்னு கேட்டா மறைக்காமச் சொல்லுவீகளா?"

"கேளும்மா."

"மிசினு நல்லாத்தான இருந்துச்சு. நா பேசுனது எல்லாம் கேட்டுச்சே. எங் கொரலு அப்படிக் கீச்சுன்னு இருக்குன்னுதான் அம்மா திருப்பிக் குடுத்துட்டாகளா?"

அக்கா வாங்கிய சத்தியம் குறுக்கே நின்றது. "இல்லடா, மிஷின்ல ஒரு சின்னக் கோளாறு, அம்புட்டுதான்" என்றேன்.

"கோளாறுன்னு ஒன்னும் தெரியலையே மாமா." தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. "சரி, வேன் வந்துருச்சு. கம்பெனிக்குள்ள செல்போனக் கொண்டு போகக் கூடாது. இங்கன வச்சுட்டுப் போறேன்."

அவள் போனை அணைக்க மறந்துவிட்டாள். நானும் வைக்கவில்லை. அவள் செருப்பை மாட்டுவதும், அந்தச் சத்தம் தெருவில் படபடவென்று ஓடித் தேய்ந்து போவதும் கேட்டது. வேன் ஹாரன் அடித்துக் கிளம்பியது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. கடைசியில், சிமெண்டுத் தரையில் எவர்சில்வர் டம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. அதை அரை விரற்கடை நகர்த்துகிற சத்தமும்.